தண்டையார்பேட்டையில் தனியாக இருக்கும், இன்சுலின் போடும் பாட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படித் துணை நிற்கலாம்?

பழைய மருந்துச் சீட்டு, ஆதாரோடு பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். நடக்க முடியாதவர் என்றால் அழுத்திச் சொல்லி, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தரக் கேளுங்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு உடன் போனால், பாட்டி சாப்பாட்டையோ ஊசியையோ தவறவிடுவதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். திட்டு விழுமென்று பெரியவர்கள் ‘ஒழுங்காத்தான் போடுறேன்’ என்பார்கள். அதை நம்பி மருத்துவர் இன்சுலின் அளவைக் கூட்டினால், வெறும் வயிற்றில் அதே ஊசி சர்க்கரையை 70க்குக் கீழே தள்ளிவிடும். வியர்வை, நடுக்கம், உளறல் கண்டால் 3, 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

இன்சுலினை வைக்க ஃப்ரிட்ஜ் இல்லையா? ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைத்தால் போதும், குப்பி மட்டும் நனையக் கூடாது. திறந்தபின் பெரும்பாலான இன்சுலின் 28 நாள்தான். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள்.