தொற்றுக்காலமும் கல்லூரிக் கட்டணமும்: கேட்டதும் சொன்னதும்

ஒரு கல்லூரியின் நிதியுதவிப் பிரிவில் கொரோனாவுக்கு முன்னும் இருந்தேன், பின்னும் இருந்தேன். அதனால்தான் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 2020இல் அப்பா கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிவைத்தார். கடைசியில் பார்த்தால் கடன் கூடியிருந்தது. வங்கி ஏமாற்றிவிட்டதா அண்ணா?

ஏமாற்றவில்லை தம்பி. தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. அதை யாரும் உங்கள் அப்பாவிடம் உடைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவில் 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தவணைகளை முதலில் 3 மாதம் தள்ளிவைக்க அனுமதித்தது. அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. 1 லட்சம் பாக்கி, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மாதத்துக்குச் சாதாரண வட்டி 6,000. மாதாமாதம் வட்டிக்கு வட்டி போட்டால் 6,152. அந்த அக்டோபரில் மத்திய அரசு, 2 கோடி வரையிலான கடன்களுக்கு இந்த வித்தியாசத்தைத் தருவதாக அறிவித்தது. கல்விக் கடனும் அதில் உண்டு. நம் கணக்கில் அது வெறும் 152! மிச்சம் 6,000 கடனாளி தலையில்தான். 'வட்டி தள்ளுபடியாம்' என்று துள்ளிக்கொண்டு வந்த ஒரு மாணவரிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

அமெரிக்காவில் கதை வேறு. அரசின் கையிலிருந்த மாணவர் கடன்களுக்கு 2020 மார்ச்சிலிருந்து வட்டியே பூஜ்யம். 2023 செப்டம்பரில்தான் அது மறுபடி ஓடத் தொடங்கியது. தனியாரிடம் வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: 'இந்த மாதங்களில் வட்டி ஓடுமா?' பதிலை எழுத்தில் வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் தவணையைக் கட்டிவிடுவதே மேல். இல்லாதவர்கள் தள்ளிவைப்பதில் தப்பே இல்லை.

கேள்வி: அம்மாவின் தொழில் படுத்துவிட்டது. ஆனால் போன வருட வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை இல்லை என்கிறார்கள்.

நான் அதிகம் பார்த்த சிக்கல் இதுதான். விண்ணப்பம் கேட்பது பழைய வருமானத்தை. தொற்று அடித்ததோ இன்றைய வருமானத்தை. அமெரிக்க மத்திய அரசு உதவிக்கு இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நிலைமை மாறியதற்குச் சான்று கொடுத்தால், கல்லூரியின் நிதியுதவி அதிகாரி மறுகணக்கு போட அங்கே சட்டத்தில் இடம் உண்டு. மற்ற இடங்களிலும் மறுபரிசீலனை கேட்டு மனு போட்டுப் பாருங்கள். 'மிகவும் கஷ்டம்' என்று உருக்கமாக எழுதுவதால் பயனில்லை. எந்த மாதம் வருமானம் நின்றது, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, என்ன சான்று. இந்த நாலு வரி போதும்.

கேள்வி: விடுதியை மூடிவிட்டார்கள். கட்டிய பணம் திரும்பி வருமா?

ரசீதை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். சாப்பாட்டுக் கட்டணத்தைக் கேட்பது சுலபம், சமைக்கவே இல்லையே! அறை வாடகைக்கு வாதாடலாம். வகுப்பு இணையத்தில் நடந்தால், படிப்புக் கட்டணம் குறைவது அபூர்வம்.

கேள்வி: ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா?

போகலாம், ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முறைப்படி விடுப்பு வாங்கினால் திரும்பி வர இடம் இருக்கும். கல்விக் கடன் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் பொதுவாகப் படிப்பு முடிந்து 1 ஆண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். நடுவில் நின்றால் அந்தக் கணக்கு மாறலாம். முதலில் வங்கியில் கேளுங்கள். இன்னொன்று: தொற்றுக்காலத்தில் மாணவர்கள் போகக்கூடிய பகுதிநேர வேலைகளும் சேர்ந்தே காணாமல் போகும். வேலை கைக்கு வந்த பிறகு விடுப்பு எழுதுங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறார்களே?

வேண்டாம். அங்கீகாரம் இல்லாத கடன் செயலிகள் பற்றி ரிசர்வ் வங்கியே 2020 டிசம்பரில் எச்சரித்தது.

கேள்வி: வீட்டில் பணக் கஷ்டம் என்று தெரிகிறது. அப்பா எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?

'நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்டால் எந்த அப்பாவும் வாய் திறக்க மாட்டார். தேதியைக் கேளுங்கள்: 'அடுத்து எதை, எந்தத் தேதியில் கட்டணும்?' ஒரு மாணவி அப்படிக் கேட்டு எழுதிய தாளை என்னிடம் கொண்டுவந்தார். கல்லூரிக் கட்டணம் 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அப்பாவுக்கு வர வேண்டிய பணம் 20ஆம் தேதி. அந்த மாதம் அவர்களுக்கு இருந்தது பத்து நாள் பிரச்சினை. அதற்காக அவர் அப்பா வெளியில் வட்டிக்கு வாங்கக் கிளம்பியிருந்தார். 25ஆம் தேதி வரை அவகாசம் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண். அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது, அபராதமும் இல்லை.