கோபுரத்துக்கு எனாமல் அடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் தெரு அம்மன் கோயிலில் பாலாலயம் முடிந்து திருப்பணி தொடங்கிவிட்டது. கோபுரத்துக்கு எனாமல் பெயிண்ட், தரைக்கு கிரானைட், கல்சுவரை மணல் பீய்ச்சி வெளுக்கவைப்பது என்று கமிட்டியில் முடிவு. கட்டடக்கலை படிக்கும் என் மகன், "வியன்னாவில் ரீகல்னு ஒருத்தர் பழசைத் தொடாதீங்கன்னு அப்பவே எழுதிட்டார்" என்று சண்டை போடுகிறான். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, காலடிப்பேட்டை

ப: மகன் சொன்னதில் பாதி சரி. அலாய்ஸ் ரீகல் முதலில் வியன்னா அருங்காட்சியகம் ஒன்றில் துணி, கம்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கொடியும் இலையும் சுருண்டோடும் கொடிக்கருக்கு மாதிரியான அலங்காரங்கள் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் எப்படி உருமாறின என்று 1893இல் ஒரு புத்தகமே போட்டார். கடைசிக் காலத்தில்தான் ஆஸ்திரிய அரசின் நினைவுச்சின்னப் பாதுகாப்புக் குழுவுக்கு வந்தார். அங்கே ஒரு சட்ட முன்வரைவுக்காக 1903இல் எழுதிய கட்டுரையைத்தான் உங்கள் பையன் படித்திருப்பான். 1905இல் இறந்தபோது ரீகலுக்கு வயது 47.

அதில் அவர் சொன்னது இதுதான். பழைய கட்டடத்துக்கு ஒரே மதிப்பு என்று கிடையாது, பல மதிப்புகள் உண்டு, அவை ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஆராய்ச்சிக்காரருக்கு வேண்டியது வரலாற்று மதிப்பு. ஆனால் காரை உதிர்ந்து பாசி படிந்த சுவரைப் பார்த்ததும் படிக்காதவருக்கும் மனசுக்குள் ஏதோ ஆகிறதே, அதற்கு 'வயதின் மதிப்பு' என்று பெயர் வைத்தார். அந்த மதிப்பின் கணக்குப்படி பார்த்தால் பழுது பார்ப்பதே தப்பு, இயற்கை அரிக்கிறதா, அரிக்கட்டும். (புது ஃபிளாட்டில் ஈரம் கசிந்தால் மட்டும் ஏன் பில்டரைத் திட்டுகிறோம் என்றால், புதுசில் அழிவின் தடம் தெரிந்தாலும் நமக்குப் பிடிக்காது. அதையும் எழுதியிருக்கிறார் மனுஷன்.)

மகன் விட்டுவிட்ட பாதி இனிமேல்தான் வருகிறது. பயன்பாட்டு மதிப்பு, புதுமை மதிப்பு என்று இன்னும் இரண்டு உண்டு, ஜனங்களுக்கு எப்போதும் பளபளப்புதான் பிடிக்கும், வழிபாடு நடக்கும் இடத்தில் வயதின் மதிப்பு கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே கமிட்டிக்காரர்களை முட்டாள்கள் ஆக்க ரீகலைக் கூப்பிட முடியாது.

நான் கூப்பிடுவது ஆடுகளை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) நெய் வேண்டி 'சாவா மூவாப் பேராடு தொண்ணூறு' கொடுத்ததாக வரும். சாகாத, மூப்படையாத ஆடு எங்கே இருக்கிறது? கிழடு போனால் குட்டி வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்கும், அதுதான் அர்த்தம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுதையைப் புதுப்பித்து வண்ணம் பூசுகிற நம் வழக்கமும் இந்த மந்தைக் கணக்குதான். சுதை உதிரும், வேறு சுதை வரும். ஆனால் அந்தக் கணக்கை எழுதி வைத்த கல் இருக்கிறதே, அது ஆடு இல்லை. அதற்குக் குட்டி போடத் தெரியாது.

எனவே கோபுரத்தில் வண்ணம் தாராளமாக அடியுங்கள், ஆனால் எனாமல் வேண்டாம். சுண்ணாம்புக் காரை மூச்சு விடுகிற பொருள், அதன்மேல் எனாமல் படலம் போர்த்தினால் உள்ளே போன மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காரையோடு பொரிந்து விழும். கடுக்காய், வெல்லம் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கிற ஸ்தபதிகள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். மணல் பீய்ச்சுவது கூடவே கூடாது, அழுக்கோடு கல்லின் தோலும் போய்விடும், தோலில்தானே எழுத்து. கிரானைட் விஷயத்தில் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கோயிலில் (எது என்று கேட்காதீர்கள்) தரையை முக்கால் அடி உயர்த்தி கிரானைட் போட்டதில் அதிட்டானம் (சுவரைத் தாங்கும் அடிப்பீடம்) குமுதம் என்கிற உருண்ட வரி வரை புதைந்து, கல்வெட்டில் மேல் இரண்டு வரி மட்டும் தலைநீட்டிக்கொண்டிருந்தது. கொடுத்தவர் பெயர் மேலே, கொடுத்தது என்ன என்பது தரைக்கடியில். பக்கத்திலேயே புது உபயதாரர் பெயர்ப்பலகை, பெரிய எழுத்தில்.

திருவொற்றியூர் உங்களுக்குப் பக்கம்தானே, மகனையும் கமிட்டிக்காரர் ஒருவரையும் சேர்த்து தியாகராஜர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். கருவறைச் சுவரில் சோழர் எழுத்தைக் காட்டுங்கள். அங்கே ஆதிபுரீஸ்வரரையே வருஷத்தில் மூன்று நாள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, கவசம் களைந்து புனுகு சாத்திப் பார்க்கிறோம். எதைத் தொடலாம், எதை மூடி வைக்கலாம் என்ற விவரம் நம் ஆட்களுக்கு இல்லாமல் இல்லை.

கே: ராயபுரம் ஸ்டேஷன் வெள்ளைக்காரன் கட்டியது. அதற்கு எதற்கு இத்தனை பாசம்?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

ப: இதே சண்டையும் 1905இல் நடந்தது. ஜெர்மன் அறிஞர் கியோர்க் டேஹியோ, நினைவுச்சின்னம் நம் தேசத்தின் ஒரு பகுதி, அதனால்தான் காக்கிறோம் என்று பேசினார். ரீகல் அதே ஆண்டு மறுத்து எழுதினார்: தேசம் இல்லை, மனித வாழ்வின் ஒரு பகுதி என்பதால். ராயபுரத்துக்கு ரீகல்தான் பொருந்துவார். 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு இங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. கவர்னர் சொகுசாக ஏறினார், சரி. செங்கல் சுமந்தது யார், தண்டவாளம் போட்டது யார்? அந்தத் தூண்களைப் பார்த்து வெள்ளைக்காரன் ஞாபகம் மட்டும் வந்தால் அது தூணின் குற்றமில்லை.

கே: வால்டாக்ஸ் ரோட்டில் என்ன வரி கட்டினார்கள்?
– ஒரு மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

ப: கட்டவே இல்லை. வால்டாக்ஸ் என்றால் மதில் வரி. பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன் பக்கம்) சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி, செலவை ஊர்க்காரர் தலையில் கட்டப் பார்த்தது, நடக்கவில்லை. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது, பழைய ஜெயில் ரோட்டில் மிச்சமிருக்கிற துண்டின் தலையில்தான் உங்கள் மாடிப்பூங்கா. வசூலாகாத வரிக்கு மட்டும் இன்னும் ரோடு இருக்கிறது.