கிஃப்ட் என்றால் நஞ்சு

மார்த்தாண்டத்தில் இருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு. அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். உன் கேள்வி இது: "ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 நிலை முடித்துவிட்டேன். ஆறு மாதத்தில் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறேன். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம், ஆங்கிலம் தெரிந்தால் பாதிச் சொற்களை ஊகித்துவிடலாம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். வார்டில் அப்படிச் சமாளிக்கலாமா?"

கடையில், ரயிலில் ஊகித்துக்கொள். வார்டில் வேண்டாம். பதினோரு வருடமாக டோர்ட்முண்டில் இதே வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

காலைச் சாப்பாடு முடிந்த நேரம். பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்த மூத்த நர்ஸ், ஜன்னலோரம் இருந்த பாட்டியைக் காட்டி "டாஸ் டப்லெட், பிட்டெ" என்றார். மாத்திரை கொடுக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தள்ளுவண்டியில் இருந்த மாத்திரைக் கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். பாட்டியும் கையை நீட்டிவிட்டார். அந்த நர்ஸ் இரண்டே எட்டில் வந்து கிண்ணத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார். பாட்டி காலை மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்தார். நான் எடுத்துப்போனது வேறொருவருடையது. அந்த நர்ஸ் கேட்டது, எச்சில் தட்டோடு மேசையில் இருந்த சாப்பாட்டுத் தட்டத்தை. டப்லெட் என்றால் தட்டம், அதாவது ட்ரே. டப்லெட்டே என்றால் மாத்திரை. கடைசியில் ஒரு 'எ', ஆங்கில 'தி' போல முன்னால் வரும் 'டாஸ்' இடத்தில் 'டீ'. அவ்வளவுதான் வித்தியாசம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் அகராதியைப் புரட்டினேன். இரண்டுக்கும் மூலம் பலகை என்று பொருள்படும் லத்தீன் 'டாபுலா'. சின்னப் பலகை ஒரு பக்கம் தட்டம் ஆகிவிட்டது, இன்னொரு பக்கம் அழுத்திச் செய்த வில்லை ஆகிவிட்டது. நம் மாத்திரை வேறு வழியில் வந்தது. அளவு என்பதுதான் அதன் பொருள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, அதே சொல். இப்படிப் பிரிந்த இடத்தைத் தெரிந்துகொண்ட சொல் எனக்கு மறப்பதில்லை. வெறும் மனப்பாடம் ஒரு வாரம்கூட நிற்காது.

நர்ஸ்கள் அறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் 'கிஃப்ட்நோட்ரூஃப்' என்று எழுதிய தாளைப் பார்ப்பாய். ஆங்கிலக் கண்ணுக்கு அதில் ஒரு பரிசும் ஒரு 'இல்லை'யும் தெரியும். இரண்டும் தப்பு. கிஃப்ட் என்றால் நஞ்சு. நோட் என்றால் ஆபத்து, அவசரம். ரூஃப் என்றால் அழைப்பு. யாராவது விஷத்தைக் குடித்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் அது.

பரிசு எப்படி நஞ்சானது? ஆங்கில கிஃப்டும் ஜெர்மன் கிஃப்டும் 'கொடு' என்ற ஒரே வேரில் பிறந்தவை. ஜெர்மனிலும் முதலில் கொடுக்கப்பட்டது என்பதே பொருள். மருந்தின் அளவைச் சொல்லும் கிரேக்க 'டோஸிஸ்' என்ற சொல்லுக்கும் கொடுத்தல் என்றுதான் அர்த்தம். அதற்கு ஈடாக இந்தச் சொல்லைப் புழங்கப்போய், கொடுத்த மருந்து கடைசியில் கொடுத்த நஞ்சாக நின்றுவிட்டது. பழைய பொருள் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெண்ணோடு கொடுத்து அனுப்பும் சீதனம் அது.

இதைப் படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. "மருந்தைக் குடிச்சுட்டான்" என்று நம் ஊரில் யாராவது ஓடிவந்தால், இருமல் மருந்தா என்று யாரும் கேட்பதில்லை. விஷம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, மருந்து என்கிறோம். ஜெர்மன்காரர்களின் சொல்லும் அப்படியொரு வழியில்தான் போயிருக்கிறது.

'நோட்' உனக்குத் தினமும் எதிர்ப்படும். நோட்டவுஃப்நாமே என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே 'நோ' என்று எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் தேவை என்று பொருள்படும் 'நீட்' இதன் உடன்பிறப்பு. மருத்துவமனைப் பலகையில் அம்புலான்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் புறநோயாளிகள் பிரிவு. ஆட்களை ஏற்றிவரும் வண்டிக்குப் பெயர் வேறு. ரெட்செப்ட் என்பது டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு, சமையல் குறிப்புக்கும் அதே சொல். டாக்டர் 'பால்ட்' வருவார் என்றால் சீக்கிரம் வருவார் என்று அர்த்தம், வழுக்கை அல்ல. 'ஃபாஸ்ட்' முடிந்தது என்றால் வேகமாக முடியவில்லை, கிட்டத்தட்ட முடிந்தது.

எண்களிலும் கவனம். இங்கே தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 2,5 மில்லிகிராம் என்றால் இரண்டரை. 1.000 என்றால் ஆயிரம். முதல் மாதம் ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சரியா என்று கேள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வகுப்பில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆங்கிலத்தில் 'ட' வரும் பல இடங்களில் ஜெர்மனில் 'ட்ஸ' அல்லது 'ஸ' வரும். நாக்கைச் சொல்லும் டங் இங்கே ட்சுங்கெ, டென் இங்கே ட்சேன், வாட்டர் இங்கே வாஸர். இந்த மாதிரி ஒலி மாற்றங்களை யாக்கோப் கிரிம் 1822இல் இலக்கணமாகவே எழுதி வைத்தார். தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர்தான். இந்த ஒரு விதி உனக்கு நிறையச் சொற்களைத் திறந்துவிடும். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருப்பதெல்லாம் சொந்தமும் இல்லை. லத்தீன் 'ஹாபேரே', ஜெர்மன் 'ஹாபென்' இரண்டுக்கும் வைத்திருத்தல் என்றே பொருள், ஒலியும் ஒன்றுபோல. இருந்தும் அவை வெவ்வேறு வேர். வாட்ஸ்அப்பில் வரும் "எல்லாம் தமிழில் இருந்துதான் போனது" பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். உண்மையிலேயே போன சொற்கள் நமக்கு இருக்கும்போது பொய்யானவை எதற்கு?

அப்படிப் போன ஒன்றை முதல் இரவு ஷிஃப்டிலேயே குடிப்பாய். இங்கே இஞ்சிக்கு 'இங்வர்' என்று பெயர். நம் இஞ்சிவேர் பாலி, கிரேக்கம், லத்தீன் வழியாக நடந்து இங்கே வந்து சேர்ந்த உருவம் அது. இங்வர்டே என்று எழுதிய டப்பா கண்ணில் பட்டால் தயங்காமல் எடு, இஞ்சி டீதான்.

நோயாளிகள் உன்னை 'ஷ்வெஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். 2020 முதல் புதிதாகப் படித்து வருபவர்களுக்குப் பதவிப் பெயர் மாறிவிட்டது, ஆனால் வயதானவர்களின் வாயில் இன்னும் ஷ்வெஸ்டர்தான். அதன் அர்த்தம் சகோதரி. ஊரில் நம்மை சிஸ்டர் என்று கூப்பிட்டார்களே, அதேதான், இது வேரிலும் ஒன்று, பொருளிலும் ஒன்று.

பி2 தேர்வுத் தேதி தெரிந்ததும் எழுது. வார்டில் நான் குறித்து வைத்த சொற்களின் நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் டப்லெட், டப்லெட்டே இரண்டும் சிவப்பு மையில் இருக்கும்.