கள்ளனும் காக்கை வன்னியனும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, தாயக்கட்டை உருட்டி, சேர்ந்து ஒரு கதையை நடத்தும் விளையாட்டு. கதையை நடத்தும் டி.எம். நான்தான். போன மாதம் கள்ளனாக விளையாடும் நண்பன், மற்றவர்கள் ஒளித்திருந்த குகையை ஐம்பது பொற்காசுக்கு எதிரிப் படையிடம் சொல்லிவிட்டான். அதை எனக்கு மட்டும் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். கதை சூடு பிடிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வைத்தியராக விளையாடும் பிள்ளையின் பாத்திரம் பிடிபட்டது. அவள் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனாள், பிறகு வரவில்லை. "என்ர கரக்டர் கள்ளன், கள்ளன் அப்பிடித்தானே செய்வான்" என்கிறான் அவன். விதிப்படி பிழை இல்லை. இனிமேல் பாத்திரங்களுக்குள் மோதலே கூடாது என்று தடை போடவா?

வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

தடை வேண்டாம். முதலில் அந்தப் பிள்ளையோடு கதையுங்கள்.

இந்த விளையாட்டின் வேரிலேயே மோதல் இருக்கிறது. 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் நகரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம், ஒன்றோடொன்று இடிக்கும் நோக்கங்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் சண்டைக்கே அழைத்துவிட்டார்கள். ஆட்டம் குழம்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வை என்று கேட்டார்கள். அந்த வட்டத்திலிருந்த டேவ் ஆர்னசன்தான் பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974 இல் உங்கள் விளையாட்டைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே கள்ளன் பாத்திரமும், பிறர் பையில் கைவிடும் திறமையும் விதியில் ஏறிவிட்டன. 1984 இல் வந்த பரனோயா என்ற இதே வகை விளையாட்டில் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதுதான் ஆட்டமே. ஆனால் அதற்கு இருப்பவர்கள் எல்லாரும் அதைத் தெரிந்துகொண்டே இருக்கிறார்கள்.

எங்கட பக்கத்தில் பண்டாரவன்னியன் நாடகம் பார்க்காதவர்கள் குறைவு. 1803 இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த அந்த வன்னி அரசனைக் காக்கை வன்னியன் என்பவன் காட்டிக்கொடுத்தான் என்பது பரம்பரைக் கதை. தோற்ற இடத்தில், கற்சிலைமடுவில், நினைவுக்கல் நாட்டினார்கள். மேடையில் பண்டாரவன்னியனுக்கு அந்தத் துரோகம் தெரியாது. வேடம் கட்டியவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, தெரிந்துகொண்டே வந்து விழுகிறார். காக்கை வன்னியனாக ஆடியவரோடு பிறகு ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். உங்கள் மேசையில் பாத்திரத்துக்கும் தெரியாது, அதை ஆடியவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் நீங்கள். கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ, இந்த மேசைக்கு டி.எம். அப்படி. அந்த வட்ஸ்அப் வந்த நேரமே, "இதை அவளிடம் கேட்டியா?" என்று நீங்கள் திருப்பி எழுதியிருக்க வேண்டும்.

"என்ர கரக்டர் அப்பிடித்தான்" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். கள்ளன் வானத்திலிருந்து விழவில்லை, உங்கள் நண்பன் கற்பனை செய்து எழுதியவன். அன்றைக்கு அந்தக் கள்ளன் செய்யக்கூடியவை நூறு இருந்திருக்கும். அதில் ஒன்றைத் தெரிவு செய்தது நண்பன்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒளித்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது வன்னியில் வெறும் கதைத் திருப்பமாக இருக்க முடியாது. 2009 இல் உங்கள் வயதுக்காரர் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். எந்த வீட்டில் யார் இல்லை என்று விசாரித்துவிட்டு நாங்கள் விளையாட இருப்பதில்லை. அவள் ஏன் எழும்பினாள் என்று துருவ வேண்டாம், அது அவளுடையது. இதற்காகவே எக்ஸ் காட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது: எக்ஸ் போட்ட மட்டை ஒன்றை மேசை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அத்தோடு விடப்படும், காரணம் கேட்கக் கூடாது.

எங்கள் மேசையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவருடைய பாத்திரம் இன்னொருவருடைய பாத்திரத்தின் மீது கை வைத்தால் கட்டை உருட்டுவதில்லை. என்ன நடந்தது என்று தாக்கப்பட்டவரே சொல்வார். ஒருமுறை என் பாத்திரத்தின் மோதிரத்தைக் கூட்டாளி எடுக்கப் பார்த்தான். "எடுத்திட்டான்" என்று நானே சொன்னேன். ஆறு கிழமை அந்த மோதிரத்தைத் தேடியே கதை ஓடியது. அதுபோல ஒரு கதை எங்களுக்குப் பிறகு வாய்க்கவில்லை.

நண்பனை எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏசாதீர்கள், நீங்கள் விட்டதைத்தான் அவன் செய்தான். அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள். அவள் திரும்பி வந்தால், குகையில் அந்த வைத்தியர் பிடிபட்டாளா, தப்பினாளா, அப்படியொரு இரவே நடக்கவில்லையா என்பதை அவளே சொல்லட்டும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவளுடைய பாத்திரத் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா