மண்புழுவுக்குப் பல் இல்லையே, எப்படி அரைக்கிறது? அரைவைப்பை எல்லாப் புழுவுக்கும் 6-வது கண்டத்தில் (உடல் வளையத்தில்) தானா?

கேட்டவர் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் யாருக்கு இந்தக் கவலை?

முதல் பாதிக்குப் பதில் எளிது. நாட்டுக்கோழி அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கெட்டியாக ஒரு பை இருக்கும், கீறினால் பொடிக்கல் கொட்டும். மண்புழுவின் அரைவைப்பைக்கும் அதே வேலைதான். விழுங்கிய மணலையே அம்மியாக வைத்து மக்கிய இலையை அரைக்கும். அதற்குப் பின்னால் வால் வரை குடல். குடலின் மேல்சுவர் உள்ளே மடிந்து தொங்கும், டிஃப்லோசோல் என்பார்கள். சத்தை உறிஞ்சக் கூடுதல் பரப்பு, அவ்வளவுதான். மிச்சம் நாங்கூழ்க் கட்டியாக வெளியே வந்துவிடும்.

இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. நான் ஊட்டியில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். செய்முறைத் தேர்வன்று கீழ்நாட்டிலிருந்து வரவழைத்த புழு பத்தவில்லை. ஆய்வக உதவியாளர் அண்ணன் கட்டடத்துக்குப் பின்னால் போய்த் தோண்டி நாலைந்து கொண்டுவந்தார். அதில் ஒன்று எனக்கு.

மெழுகுத் தட்டில் தண்ணீர் விட்டு, முதுகில் நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளிக் கீறி, தோலை விரித்துக் குண்டூசியைச் சாய்த்துக் குத்தினேன். மண் நிறைந்த கறுத்த குடலுக்கு முன்னால் அரைவைப்பை மட்டும் வெள்ளையாக, ஊசியால் தொட்டால் வழுக்கிக்கொண்டு நின்றது. தோலின் வளையங்களை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன், எட்டுதான். கறுப்புத்தாளில் சின்ன அடையாளக் கொடி வெட்டி அங்கேயே நட்டேன்.

வெளியூர்த் தேர்வாளர் வந்தார். "ஆறுன்னு புத்தகத்துல இருக்குல்லம்மா?"

"எண்ணிப் பாருங்க சார்."

குனியக்கூட இல்லை. ஐந்து மதிப்பெண் போயிற்று.

புத்தகத்தில் இருந்தது லாம்பிட்டோ மௌரிட்டி என்ற மண்புழு இனம். அதற்கு 6 சரிதான், நான் மறுக்கவில்லை. பெரிட்டிமா என்ற இன்னொரு மண்புழுக் கூட்டத்துக்கு 8. குடலில் 26-வது கண்டத்துப் பக்கம் இரண்டு கொம்பு மாதிரிப் பைகள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், லாம்பிட்டோவில் அது கிடையாது. என் தட்டில் அந்தக் கொம்புகளும் இருந்தன. வகைப்பாட்டுக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், பெரிட்டிமாவை இப்போது பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது குடல் கணக்கு மட்டும்.

ஆளுக்கு ஆள் குடல் மாறும். கரப்பான்பூச்சியின் அரைவைப்பைக்குள் ஆறு பல்லே உண்டு. குன்னூர் பக்கம் மழையில் நடந்தால் காலில் ஏறுகிறதே அட்டை, அதற்கு அரைக்கும் வேலையே இல்லை. ரத்தத்தைத் தேக்க வரிசையாக அறைகள் கொண்ட தீனிப்பை. வயிறு முட்டக் குடித்தால் மாதக்கணக்கில் அதற்குப் பசிக்காது.

இப்போது கோத்தகிரியில் கேரட்டும் பூண்டும் போடுகிறேன். புழு நிறைய உள்ள தோட்டம் நல்ல தோட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி, அந்தப் புழுவுக்காகவே ராத்திரியில் காட்டுப்பன்றி பாத்தியை உழுதுவிட்டுப் போவதை ஒருவரும் சொல்வதில்லை. போன வாரம் இரண்டு பாத்திப் பூண்டு போயிற்று. மனு கொடுத்தால் போட்டோ கேட்கிறார்கள், பன்றியோடு.

உங்கள் பிள்ளையைத் தேர்வில் 6 என்றே எழுதச் சொல்லுங்கள். கேள்வித்தாளில் லாம்பிட்டோதான் வரும்.