பயணிகளின் இசை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற மாதம் அயர்லாந்து ராக் இசைக்குழுவான யு2 பற்றி எழுதியபோது, அவர்களுடைய தொகுப்புகளில் நீங்கள் இரவில் அதிகம் கேட்பது 'ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்ஸ் 1' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். ஏமாற்றம்தான். நான் அவர்களுடைய 'தி ஜோஷுவா ட்ரீ' தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவன். இதில் 'மிஸ் சரயேவோ' தவிரப் பாட்டு என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. இல்லாத படங்களுக்குப் பின்னணி இசையாம். படமே இல்லாமல் பின்னணி இசையை எதற்குக் கேட்க வேண்டும்? அவர்களுடைய டிரம்மரே இதில் எல்லை மீறிவிட்டோம் என்று சொல்லியிருக்கிறாராமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லாரி முல்லன் சொன்னது உண்மைதான். சுவாரசியமான இசைக்கும், தன் சுகத்துக்கு வாசித்துக்கொண்டே போவதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, இந்தப் பேசஞ்சர்ஸ் தொகுப்பில் அதைத் தாண்டிவிட்டோம் என்ற பொருளில் சொன்னார். அதிலுள்ள 14 தடங்களில் பாதிக்கு அது பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். 'எல்விஸ் ஏட் அமெரிக்கா' வந்தால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். 1995 நவம்பரில் இது வெளிவந்தபோது அட்டையில் யு2 என்று போடவில்லை, பேசஞ்சர்ஸ் என்று போட்டார்கள், அதாவது பயணிகள். 1984இல் 'தி அன்ஃபர்கெட்டபிள் ஃபயர்' காலத்திலிருந்தே பிரையன் ஈனோ அவர்களுக்குத் தயாரிப்பாளர், ஆனால் இங்கே அவர் ஐந்தாவது ஆளாக உள்ளே வந்து உட்கார்கிறார், சொல்லப்போனால் வண்டியே அவர் கையில்தான். ஒளிப்பதிவுத் துண்டுகளை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே எல்லோரும் மனம்போனபடி வாசிக்க, அந்த மணிக்கணக்கான வாசிப்பிலிருந்து வெட்டியெடுத்ததுதான் இந்தத் தொகுப்பு. படமில்லாத பட இசை ஈனோவுக்குப் புதிதும் அல்ல, 1978இலேயே 'மியூசிக் ஃபார் ஃபிலிம்ஸ்' என்று ஒரு தொகுப்பு போட்டவர். உள்ளட்டையில் ஒவ்வொரு படத்துக்கும் கதைச்சுருக்கம் எழுதியவர்களில் சி. எஸ். ஜே. போஃபாப் என்று ஒருவர் பெயர் இருக்கும். பிரையன் ஈனோ என்பதன் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றையும் அகரவரிசையில் அடுத்த எழுத்தாக மாற்றினால் அந்தப் பெயர் வந்துவிடும். இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாப் படங்களும் கற்பனை இல்லை என்பதையும் கவனியுங்கள். 'ஒன் மினிட் வார்னிங்' ஜப்பானிய இயக்குநர் மமோரு ஒஷியின் 'கோஸ்ட் இன் தி ஷெல்' அனிமேஷன் படத்தின் ஆங்கில வடிவத்தில் கடைசிப் பெயர்ப்பட்டியலின்போது ஒலிக்கிறது. 'பீச் சீக்வென்ஸ்', 'யுவர் ப்ளூ ரூம்' இரண்டும் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'பியாண்ட் தி க்ளவுட்ஸ்' படத்தில் வருகின்றன. 1985இல் பக்கவாதம் வந்து பேச்சை இழந்த அந்தோனியோனி, ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் துணையோடு எடுத்த படம் அது. அப்படிப்பட்ட ஒருவரின் படத்துக்கான 'யுவர் ப்ளூ ரூம்' பாட்டில் யு2வின் பாடகர் போனோவும் குரலை உயர்த்தவே இல்லை, கிட்டத்தட்டக் காதருகே முணுமுணுக்கிறார். கடைசியில் அவரும் ஒதுங்கிக்கொள்ள, வழக்கமாகப் பாடாத பேஸ் கிட்டார்காரர் ஆடம் க்ளேட்டன் சில வரிகளைப் பேசி முடிக்கிறார். எனக்கு இந்தத் தொகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது: முன்னால் வந்து நின்று ஊருக்கே சொல்லிப் பழகிய ஒரு பாடகன் பின்னால் நகர்ந்து இடம் விடுவது.

'மிஸ் சரயேவோ' உங்களுக்கும் பிடித்திருக்கிறது. அதுவும் இந்த இடம் விடுதலால்தான் பிடிக்கிறது என்பேன். 1993இல் யு2வின் ஜூ டிவி சுற்றுப்பயணத்தின்போது, பில் கார்ட்டர் என்ற அமெரிக்கர் போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த தலைநகர் சரயேவோவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக மேடைத் திரையில் பேசுவார், அங்குள்ளவர்களையும் பேசவைப்பார். ஒருநாள் லண்டன் வெம்ப்ளி நிகழ்ச்சியில் அங்கிருந்து பேசிய பெண்கள், எங்களுக்காக நீங்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் ஆட்டம்பாட்டம் எப்படி நடக்கும்? அப்புறம் அந்த இணைப்புகள் நின்றுபோயின. கார்ட்டர் எடுத்த ஆவணப்படத்துக்கான பாட்டுதான் இது. குண்டு விழும் ஊரில் பெண்கள் அழகிப்போட்டி நடத்தி, எங்களைக் கொல்லவிடாதீர்கள் என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பாட்டை மறுபடி கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு முழக்கம்கூட இல்லை. கண்மைக்கும் உதட்டுச்சாயத்துக்கும் முடி வெட்டிக்கொள்வதற்கும் நல்ல உடுப்பு தேடுவதற்கும் ஒரு நேரம் உண்டா என்று கேள்வியாகவே போகிறது. பதில் சொல்ல வேண்டிய இடம் வரும்போது போனோ விலகிக்கொள்கிறார், இத்தாலிய ஓபரா பாடகர் பவரோட்டி வருகிறார், நதி கடலுக்கு வழி கண்டுகொள்ளும் என்கிறாயே என்று இத்தாலிய மொழியில். 1983இல் 'சண்டே ப்ளடி சண்டே'யில் இராணுவத் தாளத்தோடு கத்திய அதே போனோதான் இப்படி விலகுகிறார்! யு2 என்ற பெயரில் இதைச் செய்ய உட்கார்ந்திருந்தால் அரங்கத்தை எழுப்பி நிறுத்தும் இன்னொரு பாட்டுதான் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பெயரைக் கழற்றி வைத்ததால், அந்த மணிக்கணக்கான வாசிப்பில் அவரவர் இடம் இல்லாமல் போனதால், இது கிடைத்தது. நமக்குப் பிடிக்காத பாதியும் அதே அறையில் அதே விதமாகப் பிறந்ததுதான், அதனால் முல்லன்போல அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்று. முற்றுகை முடிந்தபின், 1997 செப்டம்பர் 23 அன்று சரயேவோவின் கொஷெவோ மைதானத்தில் அவர்கள் வாசித்தார்கள், சுமார் 45,000 பேர் முன்னால். அன்று போனோவின் தொண்டை கட்டிப்போயிருந்தது, பல இடங்களில் கூட்டம்தான் பாடியது. ஈனோவும் மேடைக்கு வந்து 'மிஸ் சரயேவோ'வை வாசித்தார்கள், பவரோட்டியின் பகுதி பதிவிலிருந்து ஒலித்தது. அதே இரவில் 'சண்டே ப்ளடி சண்டே'யும் உண்டு. டிரம் கிடையாது, குழுவின் கிட்டார்காரர் எட்ஜ் ஒருவர் மட்டும் கிட்டாரோடு நின்று மெதுவாகப் பாடினார். அந்தப் பதிவும் கிடைக்கிறது.

தொகுப்பை முதலிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். இரவில் 'யுவர் ப்ளூ ரூம்', அப்புறம் 'மிஸ் சரயேவோ', பிறகு எட்ஜின் அந்தத் தனிப்பாட்டு. கேட்டுவிட்டு அப்போதும் ஏமாற்றமாக இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.