பெரிய கார்புரேட்டர் போட்டால் வள்ளம் பறக்குமா? (கேள்வி பதில்)

குளச்சலில் எஞ்சின் பிரித்துப் பிழைக்கிறவன் நான். காற்றோடு எரிபொருளைக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புகிற கார்புரேட்டர் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி (முட்டம்): அண்ணே, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டில் (வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின்) 15-இன் கார்புரேட்டரை மாட்டினால் 15 ஆகிவிடுமா?

பாதி உண்மை. அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். சில டூ ஸ்ட்ரோக் மாடல்களில் 9.9-க்கும் 15-க்கும் பிளாக் ஒன்றுதான். ஆனால் கார்புரேட்டர் மட்டுமா வேறு? ரீட் வால்வு (கலவையை உள்ளே விடும் தகடு) திறக்கும் அளவு, சிலவற்றில் புகைபோக்கி கூட மாறும்.

கார்புரேட்டரின் தொண்டை குறுகலாக இருப்பதே காற்று வேகமாகப் பாய்ந்து எரிபொருளை உறிஞ்சத்தான். தொண்டை பெரிதானால் குறைந்த சுற்றில் காற்று சோம்பிப் போகும், எரிபொருள் ஏறாது. அலை முறிகிற இடத்தில் வள்ளத்தைத் தள்ளிவிட்டுத் திராட்டிலை முறுக்குவாய் அல்லவா, அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமும். அப்புறம் வள்ளம் குறுக்கே திரும்பினால் யார் பொறுப்பு?

முதலில் ஆளும் வலையும் ஏற்றிக்கொண்டு முழுத் திராட்டிலில் ஓட்டி, ஆர்பிஎம் மீட்டரைப் பார். கையேட்டில் போட்டிருப்பதற்குக் கீழே நின்றால் புரொப்பல்லரைக் கவனி. பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம்) 1 அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று கூடும். என்னிடம் வேகம் இல்லை என்று வருகிறவர்களில் பலருக்கு அதோடு சரியாகிவிடுகிறது.

கேள்வி (நாகர்கோவில்): பழைய ஸ்பீட் போட், 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 4800 சுற்று. கார் கடையில் நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடும் கார்புரேட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று இழுக்கும். 5.7-ஐ 4800-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 13,680 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 85 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 11,600 லிட்டர், அதாவது 410 கன அடி. 600 தாராளம். டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

அளவை விடுங்கள், கார் கார்புரேட்டரைப் படகுக்குள் வைக்கவே கூடாது. பெட்ரோல் நிரம்பி வழிந்தால் காரில் ரோட்டில் சொட்டும், மூடிய படகில் அடித்தட்டில் ஆவியாகத் தேங்கும். ஒரு பொறி போதும். படகுக்கானதில் வழிவது தொண்டைக்குள்ளேயே போகும்படி செய்திருப்பார்கள். மேலே தீத்தடுப்பு வலையும் இருக்கும்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): டீசல் இன்போர்டுக்கு (படகுக்குள் இருக்கும் எஞ்சின்) என்ன சைஸ்?

டீசலுக்குக் கார்புரேட்டரே கிடையாது. டீசல் பம்ப் மெக்கானிக்கைப் பாருங்கள்.

கேள்வி (கடியப்பட்டணம்): 9.9-க்கு எந்த சைஸ் நல்லது?

முதல் பதில்.

கேள்வி (இரயுமன்துறை): மண்ணெண்ணெயில் ஓட்டுகிறோம். பெட்ரோல் மாடல் கார்புரேட்டர் பொருந்துமா?

போல்ட் பொருந்தும், வேலைக்கு ஆகாது. இரண்டுக்கும் ஜெட் (எரிபொருள் அளவாகப் போகும் சிறு துளையுள்ள பாகம்) வேறு. மண்ணெண்ணெய் மாடலில் கம்ப்ரஷனும் குறைவு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மாற்றுங்கள். கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு வந்து அணையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் கயிறு இழுத்தே தோள்பட்டை போகும்.

கேள்வி (சின்னமுட்டம்): ஜெட் எதற்கு வாங்க வேண்டும்? ஸ்டவ் பின் விட்டுக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா? எங்க அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஜெட் பித்தளை, ஸ்டவ் பின் இரும்புக் கம்பி. 1 மில்லிமீட்டர் துளை 1.1 ஆனால் கண்ணுக்குத் தெரியுமா? பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். பிளக் கரிபிடித்து நடுக்கடலில் நிற்கும்.

அதே தம்பி: அப்பா எஞ்சின் ஒருநாளும் நின்றதில்லையே!

அப்பா அடைப்பு எடுத்திருப்பார், துளை பெருக்கியிருக்க மாட்டார். கேட்டுப் பார்.

மறுபடி அவரே: கேட்டேன். பெருக்கினாராம். அப்புறம் சின்ன ஜெட் வாங்கிப் போட்டாராம்.

சரி, அது இன்னும் மோசம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயில் போவதே எரிபொருளோடுதான். ஜெட் சிறுத்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு நல்ல நேரம். கார்புரேட்டர் உடம்பிலும் ஜெட்டிலும் பொறித்திருக்கும் எண்களைப் படம் எடுத்து அனுப்பு, எது போடுவது என்று சொல்கிறேன். ஸ்டவ் பின்னை அம்மாவிடம் கொடுத்துவிடு.